சுவருக்கு அந்தாண்டை ஒரு ரவுட்டர்

“என் பேரு கோகுலகிருஷ்ணன். வயசு இருபத்தி நாலு. வேலை பாக்கறது ஒரகடத்துல, இப்ப ஆலங்காயத்துலேருந்து காவலூர் போற பஸ்ல கீறேன். எங்க வூட்டு நெட்டு பதினஞ்சு நாளா வர்றதும் போறதுமா கீது. இன்னிக்கு பதினோரு மணிக்குள்ள சரி பண்ணிக் குடுங்க.”

போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு அவன் சொல்லச் சொல்லத் திரையில் எழுத்துகள் விழுந்தன. கேபிள்காரரின் புகார் எண்ணுக்கு வயது தேவையில்லை. பதற்றம் வந்தால் கேட்காததையும் சொல்லிவிடுவான். மலை ஏற ஏற சிக்னல் ஒரு கோடாகிவிடும். அந்த ஒரு கோட்டில் ஆடியோ போகாது, எழுத்து எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும். அதனால் வீட்டுக்கும் அவன் இப்படிப் பேசியேதான் எழுதி அனுப்புவது.

பக்கத்துச் சீட்டில் உர மூட்டையைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டிருந்தவர் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

“வயசெல்லாம் சொல்றியே தம்பி. நெட்டு கேக்கறியா, பொண்ணு கேக்கறியா?”

கோகுலுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கொண்டை ஊசி வளைவுக்குள் பதில் வந்துவிட்டது. உங்கள் வீடு வரைக்கும் லைன் நன்றாக இருக்கிறது, கோளாறு வீட்டுக்குள்தான், பார்த்துக்கொள்ளுங்கள் என்றது.

வீட்டுக்குள் என்றால் சித்தப்பா பஞ்சாட்சரம்தான். வேறு யார்?

அது ஒரே வீடாக இருந்தது. போன வருடம் பாகம் பிரித்து நடுவில் செங்கல் சுவர் எழுப்பினார்கள். தெருவைப் பார்த்த முன்பாதி சித்தப்பாவுக்கு, பின்பாதி இவர்களுக்கு. நெட்டு லைன் முன்பாதியில் உள்ள வெள்ளை ரவுட்டரில் வந்து இறங்குகிறது. வீடு ஒன்றாக இருந்த காலத்தில் பின்கட்டுக்குச் சிக்னல் எட்டவில்லை என்று கோகுல்தான் வாணியம்பாடியில் ஒரு கருப்பு ரவுட்டர் வாங்கிவந்து, வெள்ளையிலிருந்து கேபிள் இழுத்துப் பொருத்தினான். சுவர் கட்டியபோது அந்தக் கேபிளுக்காக மட்டும் அடியில் ஒரு ஓட்டை விட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று பத்து மாதமாகிறது. நெட்டு மட்டும் அந்த ஓட்டை வழியே போய்வந்துகொண்டிருந்தது.

இப்போது அதில்தான் தங்கை கீதாஞ்சலியின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. சென்னையில் ஏதோ கிளினிக்குகளுக்காக, கேள்வி கேட்டு எழுதுகிறவர்களுக்கு வீட்டிலிருந்தே பதில் எழுதும் வேலை. இரண்டு வாரம் சோதனை. வேலை நேரத்தில் மூன்று தடவை லைன் அறுந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். இரண்டு தடவை அறுந்தாயிற்று. இன்று சனிக்கிழமை, கடைசி நாள், பதினொன்றிலிருந்து மூன்று. இந்த வேலை போனால் அவளைத் திருப்பூர் பனியன் கம்பெனி விடுதிக்கு அனுப்புவதாகக் கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் இருக்கும் நைனா முடிவே செய்துவிட்டார்.

ஒன்பதேகாலுக்கு அவன் பின்வாசல் வழியாக வந்தபோது முதலில் வரவேற்றது நாற்றம்.

சித்தப்பா சனி ஞாயிறுகளில் கோழி வெட்டுவார். கழுவுகிற தண்ணீர் முன்பெல்லாம் தெருப்பக்கம் ஓடியது. இப்போது கேபிளுக்கு விட்ட அந்த ஓட்டையையே வாகாகப் பெரிதாக்கி, இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார். சமையல்கட்டு ஜன்னலுக்கு நேர் கீழே இளஞ்சிவப்பாய் ஒரு குட்டை. அதன்மேல் எண்ணெய்ப் படலம், இறகுகள், மஞ்சளாய்ச் சுருண்ட ஏதோ ஒன்று. ஈக்கள் எழுந்து மறுபடி உட்கார்ந்தன.

“இன்னாமா இது. இந்த நாத்தத்துல எப்டி சோறு எறங்குது?”

“எங்க மூக்கு பழகிட்ச்சு,” என்றாள் அம்மா பூங்கோதை. “உனக்கு கம்பெனி மூக்கு. மனு குடுத்துகீறேன். திங்கக்கெழம பஞ்சாயத்து ஆபீஸ்லேருந்து வந்து பாக்கறாங்களாம். மொத மூஞ்சி கழுவு.”

அவள் சொன்னது பொய்யில்லை. ஒரகடத்தில் அவன் வேலை செய்யும் அறைக்குள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டி, காற்றடிக்கிற சின்ன அறையில் நின்று தூசி உதறிய பிறகுதான் போக முடியும். ஒரு முடி விழுந்தால் ஒரு தட்டு சாமானைத் தூக்கிப் போடுவார்கள். அங்கே இரண்டு வருடம் நின்றவனுக்கு, சொந்த வீட்டுத் தண்ணீர்ச் சொம்பின் விளிம்பில் விரல் வைக்கவே கூசியது.

கீதா லேப்டாப்பைத் திறந்து வைத்து அதன் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். யாரோ உடம்பு முடியாதவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல.

“இப்ப வர்தா?”

“இப்ப வர்து. செத்த நேரத்துல போவும். வைபை மட்டும் முழுசா காட்டும்ணா. உள்ள ஒண்ணும் ஓடாது. அணைச்சு போட்டா சில தபா வரும், சில தபா வராது.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “நெட்டு பேரு கூட மாறிப்போச்சுணா. முன்ன பெரியவூடுன்னு காட்டும். இப்ப பொட்டிக்கு அடியில ஒட்டிகீற பேருதான் காட்டுது.”

“மாத்திட்டான் பாரு,” என்றான் கோகுல். “பெரியவூடுன்ற பேரு கூட அவனுக்கு ஆவல.”

முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும். அறுந்திருக்கலாம், யாராவது அறுத்திருக்கலாம். அவன் வலது கையில் பால் கவரைக் கையுறைபோல் மாட்டிக்கொண்டு குட்டைக்குள் கைவிட்டான். கேபிள் அடியில் கிடந்தது. வெளியே இழுத்தபோது நீளமாக ஏதோ வழவழவென்று அதோடு ஒட்டிக்கொண்டு வந்து, கவரின் விளிம்பு தாண்டி மணிக்கட்டில் படிந்தது. கோகுல் குனிந்து இரண்டு தடவை ஓங்கரித்தான். பஸ்ஸில் ஒன்றும் சாப்பிடாததால் வெறும் புளிச்ச தண்ணீர்தான் வந்தது.

கேபிளில் வெட்டில்லை, கடியில்லை. அப்படியானால் அந்தாண்டைதான்.

தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனான். பத்து மாதமாக மிதிக்காத வாசல். சித்தப்பா மரக்கட்டைக்கு முன் குந்தியிருந்தார். கை முழங்கை வரை ஈரம். கத்தியைக் கீழே வைக்காமலே ஏறிட்டுப் பார்த்தார்.

“வாங்க கம்பெனிக்காரரே. வயி தெரிஞ்சிச்சா?”

“வெள்ள பொட்டிய கொஞ்சம் பாக்கணும் சித்தப்பா. கீதாவுக்கு பதினொண்ணுக்கு வேலை.”

“பாரேன். எங்க டிவியுந்தான் நின்னு நின்னு போவுது. மேச்சு பாக்க சொல்ல கடைசி ஓவர்ல வட்டமா சுத்திகினே கீது. அந்தாண்ட நீங்க இன்னா நோண்டறீங்கன்னு நான் வந்து கேட்டனா?”

நன்றாக நடிக்கிறான் என்று கோகுல் நினைத்துக்கொண்டான். உள்ளே போகக் காலெடுத்தவனை ஈரக்கை ஒன்று தோளைப் பிடித்து நிறுத்தியது. சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன.

“இரு. உங்கம்மா மனு குடுத்துகீது இல்ல? திங்கக்கெழம வர்றாங்களாமே. அதுக்கு ஒரு வழி சொல்லிட்டு உள்ள போ.”

“அத்த நான் எப்டி சொல்றது.”

“உங்க நைனா ஊர்ல இல்ல. மூத்த ஆம்பள நீதான. சாக்கடையால எங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லன்னு குரூப்ல போடு. போட்டுட்டு எத்தினி மணி நேரம் வேணுமோ பொட்டிய பாத்துக்க.”

குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. பாகம் பிரிந்த பிறகும் அதிலிருந்து யாரும் வெளியேறவில்லை. யார் முதலில் வெளியேறுகிறாரோ அவர்தான் உறவை முறித்தவர் என்று ஆகிவிடும். அதனால் இரண்டு பக்கமும் அதில் வாய் திறக்காமல் கிடந்தார்கள். கோகுல் ஒருவன்தான் ஒரகடத்திலிருந்து அவ்வப்போது எதையாவது போடுவான்.

மணி பத்து பத்து. சித்தி நிலைப்படியில் நின்று, பாத்திரம் தேய்த்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வேறெங்கோ பார்த்தாள். கோகுலுக்குத் திருப்பூர் விடுதியில் இரும்புக் கட்டிலில் கீதா உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்து நின்றது. போனை எடுத்தான். எழுதியிருந்தால்கூடப் பரவாயில்லை, பழக்கம் அதைத் தன் வாயாலேயே சொல்லவைத்தது.

“சாக்கடை விஷயமா எங்க வூட்டுக்கு ஆட்சேபணை எதுவும் இல்ல.”

எழுத்து விழுந்தது. அனுப்பினான். உள்ளே சித்தியின் போன் டிங் என்றது. சித்தப்பா தலையை ஆட்டிவிட்டு அடுத்த கோழியின் காலைப் பிடித்தார்.

வெள்ளைப் பெட்டி பிரிட்ஜுக்கு மேலே இருந்தது. அதன்மேல் பிசுபிசுப்பாய் ஒரு தோல், தோலில் ஒட்டிய இறகுத் துணுக்குகள். பின்னால் சூட்டுக்கு ஒதுங்கிய பல்லி இட்ட முட்டை இரண்டு. ஆனால் விளக்குகள் எல்லாம் பச்சை. கேபிளும் இருக்க வேண்டிய ஓட்டையில்தான் இருந்தது. யாரும் எதையும் பிடுங்கவில்லை. இனி பெட்டியின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பெட்டிக்கு அடியில் அச்சடித்திருந்த முகவரி எண்ணைப் போனின் பிரவுசரில் தட்டினான்.

பக்கம் திறந்தது. கோகுல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அவனுக்கு எதிரில் இருப்பது வெள்ளைப் பெட்டி. திரையில் திறந்திருப்பதோ கருப்புப் பெட்டியின் கம்பெனிப் பக்கம். சுவருக்கு அந்தாண்டை, தன் வீட்டு அரிசி டிரம்முக்கு மேலே இருக்கும் பெட்டி. அது புதிதாய்க் கடையிலிருந்து வந்ததுபோல, முதல் முறை வாங்குகிறவனுக்குச் சொல்வதுபோல, வணக்கம், அமைப்பைத் தொடங்கலாமா என்று கேட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் அவன்தான் கருப்புப் பெட்டியின் எண்ணை மாற்றிவைத்தான். வீட்டிலுள்ள போனுக்கும் டிவிக்கும் எண் வழங்குகிற வேலையை வெள்ளை மட்டும் பார்க்கட்டும், நீ சும்மா சிக்னலை மட்டும் பரப்பு என்று அதன் வாயைக் கட்டிவைத்திருந்தான். அந்தக் கட்டு அவிழ்ந்திருந்தது. இப்போது இரண்டு பெட்டிக்கும் ஒரே எண். ஒரே டாக்டருக்கு இரண்டு பேர் இரண்டு ஜன்னலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதுபோல ஆகிவிட்டது. வெள்ளையிடம் டோக்கன் வாங்கியவனுக்கு நெட்டு வந்தது. கருப்பிடம் வாங்கியவன் வட்டமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தான். கீதாவின் லேப்டாப்பும் அப்படித்தான். சித்தப்பாவின் டிவியும் அப்படித்தான். அவர் நடிக்கவில்லை.

யார் அவிழ்த்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. குரூப்பில் சற்று மேலே தள்ளிப் பார்த்தான். பதினைந்து நாளுக்கு முன், இடி விழுந்து மலை முழுக்க நெட்டு போன அன்று, ஷிப்டு முடிந்து அவன் பேசியே எழுதியது:

“பொட்டி பின்னாடி ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். ஊக்கால பத்து எண்ணற வரிக்கும் அமுக்கு. எல்லாம் புதுசா ஆய்டும்.”

சட்டைத் தோளில் ஐந்து விரல் ஈரம் இன்னும் காயவில்லை. அதைவிட அவனுக்கு அருவருப்பாக இருந்தது, சற்றுமுன் அனுப்பிய அந்த ஒற்றை வரியின் கீழே இரண்டு நீலக் குறி விழுந்திருந்ததுதான். இல்லாத குற்றத்துக்காக அம்மாவை விற்றாயிற்று.

“இன்னா, ஆச்சா?” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

“ஆய்டும்,” என்றான். “எங்க பக்கத்துலயும் ஒண்ணு பாக்கணும்.”

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சித்தியைத் தாண்டும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் போனான்.

பின்கட்டில் அம்மா நின்றபடியே இருந்தாள். போன் கீதா கையில்.

“ஆட்சேபணை இல்லன்னு யார்ரா சொன்னது? நானா?”

“பதினொண்ணு ஆவட்டும்மா.”

“பத்து மாசமா இதும்மேல நின்னு சோறாக்கறவ நானு. ஒரு நாளு வந்து மூக்கப் புடிச்சிகினு நின்னியே, உனக்கு இன்னாடா ஆட்சேபணை இருக்கும்.”

“ஊக்கால எத்தினி தபா அமுக்கின நீ?”

அம்மா திடுக்கிடவில்லை. பெருமையாகவே சொன்னாள். “தெனந்தான். நீ சொல்லி அமுக்கின மறுநாளே வந்திச்சே. அதுலேருந்து எப்ப நிக்குதோ அப்ப ஒரு அமுக்கு. இன்னிக்கி நீ வர்றதுக்கு முன்னயும் ஒண்ணு அமுக்கிட்டுதான் வெச்சேன்.”

அன்று மறுநாள் நெட்டு வந்தது கேபிள்காரர் கம்பம் ஏறியதால். இதை இப்போது அவளிடம் விளக்க நேரமில்லை. மணி பத்து முப்பத்தைந்து.

கருப்புப் பெட்டியை அம்மா தூசி படாமல் பழைய பாவாடைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். துணியை எடுத்ததும் சூடான ஒரு முடை நாற்றம் முகத்தில் அடித்தது. காற்று வருகிற கீற்று வழியாகக் கரப்பான் மீசை ஒன்று வெளியே நீண்டு உள்ளே போனது. பாஸ்வேர்டுக்காகப் பெட்டியைத் திருப்பினான். ஒட்டியிருந்த தாளின் மேலேயே வரிசையாய்க் கரப்பான் முட்டை, பழுப்பாய், பையைப்போல. பால் கவரைத் தேடினான். அது குட்டையில் மிதந்துகொண்டிருந்தது. நகத்தாலேயே சுரண்டினான். ஒன்று நசுங்கியது. எழுத்து தெரிந்தது.

முதலில் லேப்டாப்பின் வைபையை அணைத்தான். சுவரிலிருந்து வரும் கேபிளைக் கருப்புப் பெட்டியிலிருந்து கழற்றினான். இப்போது கருப்பு தனியாக நின்றது. போனை அதோடு சேர்த்து உள்ளே போனான். எண்ணின் கடைசியில் இருந்த ஒன்றை இரண்டாக மாற்றினான். எண் வழங்கும் வேலையை நிறுத்தினான். பெயரைப் பெரியவூடு என்று எழுதப் போய், விரல் ஒரு கணம் நின்றது. அதையே எழுதினான். பழைய பாஸ்வேர்டையே கொடுத்தான். பெட்டி ஒருமுறை செத்துப் பிழைத்தது. கேபிளை அதே ஓட்டையில் மறுபடி செருகினான்.

“கீதா, அணைச்சு போடு. பழைய பேருல சேரு.”

பத்து ஐம்பத்திரண்டு. அவள் அணைத்துப் போட்டாள். வந்தது. மறுபடி ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னான். மறுபடியும் வந்தது. ஐந்து தடவை செய்யச் சொன்னான்.

“போதும்ணா, லேப்டாப்பு செத்துடும்,” என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் திரும்பிக்கொண்டாள்.

சுவருக்கு அந்தாண்டை டிவியில் கூட்டம் கத்துகிற சத்தம் தெளிவாக எழுந்தது. கூடவே சித்தப்பாவின் குரல். “வந்துட்ச்சு பாரு. எழுதி வாங்கனாதான் இவனுங்க வயிக்கு வரானுங்க.”

கோகுலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுவரில் ஓங்கிக் குத்தலாம் போலிருந்தது. கீதா பதில் எழுதிக்கொண்டிருந்ததால் சத்தம் போட முடியாது. நகத்தை மண்ணில் தேய்த்தான், சோப்பு போட்டான், சாம்பல் போட்டான். மோந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் மோந்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

மூன்று மணி வரை அவன் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அவனுக்கு ஒரு தட்டு வைத்தாள். அவன் சாப்பிடவில்லை.

மூன்றேகாலுக்குக் கீதா ஹெட்போனைக் கழற்றினாள். “ஒரு தபா கூட அறுக்கலணா. நாளைலேருந்து சம்பள லிஸ்ட்ல பேரு சேக்கறாங்களாம்.”

அம்மா அவள் தலையைத் தடவினாள். பிறகு கோகுலைப் பார்த்து, அன்றைக்கு முதல் தடவையாகத் தணிந்த குரலில் கேட்டாள். “அவன் இன்னாடா பண்ணிவெச்சிருந்தான்?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அம்மாவுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. சித்தப்பா கேபிளைப் பிடுங்கியிருந்தார் என்று சொல்லிவிட்டு நான்கு மணி பஸ்ஸில் ஏறிவிடலாம். ஆனால் அடுத்த இடிக்கு நெட்டு நிற்கும், அம்மா ஊக்கை எடுப்பாள், கீதாவின் பெயர் லிஸ்ட்டிலிருந்து போகும்.

“அவரு ஒண்ணும் பண்ணல,” என்றான். “நான் பண்ணது. மீதிய குரூப்ல போடறேன். நாலு பேருக்கும் ஒண்ணாத்தான் சொல்லணும்.”

அம்மா அவனையே பார்த்தாள். பிறகு ஜன்னலுக்குக் கீழே பார்த்தாள். “அப்ப சும்மாவே எழுதிக் குடுத்துட்டு வந்த,” என்றாள். தொடாத தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறினால் இரண்டு கோடு சிக்னல் வரும். கீழே நின்றிருந்தவர்கள் பார்ப்பதைப் பொருட்படுத்தாமல் அவன் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனான்.

“கோகுலு பேசறேன். அம்மா, கீதா, சித்தப்பா, சித்தி, நாலு பேரும் படிங்க. நெட்டு போனதுக்கு சித்தப்பா வூட்டுல யாரும் காரணம் இல்ல. நான்தான் ஊக்கால அமுக்க சொன்னேன், அது தப்பு. இனிமே அந்த சின்ன ஓட்டைய ரெண்டு வூட்டுலயும் யாரும் அமுக்கக் கூடாது. இடி இடிச்சா கரண்ட்ட மட்டும் நிறுத்துங்க, கேபிள அப்டியே வுட்டுடுங்க. காலைல சாக்கடைக்கு ஆட்சேபணை இல்லன்னு போட்டது நானு, அம்மா இல்ல. அத்த நான் வாபஸ் வாங்கறேன். அந்தத் தண்ணி எனக்கு கொமட்டுது. அத்த ஒத்துக்கின என் வாயும் கொமட்டுது. மனு மனுவாவே இருக்கட்டும், திங்கக்கெழம வந்து பாக்கட்டும். அதுக்காக நெட்ட நிறுத்தாதீங்க சித்தப்பா, நிறுத்துனா உங்க அண்ணன் பொண்ணுதான் வேலைய வுட்டுட்டு திருப்பூரு போவணும். யாரு மொதல்ல படிக்கறீங்களோ, மத்தவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க. பதினொண்ணுலேருந்து மூணு வரிக்கும் ரெண்டு பொட்டியையும் யாரும் தொடாதீங்க.”